அறிவியல் நகரிலிருந்து பேராதனைக்கு: நுண்ணுயிரியலில் ஒரு முதுமாணி

வன்னியைப் பற்றிய ஆங்கிலேயர் காலக் குறிப்புகளைப் புரட்டினால் ஒரு நோயின் பேர் திரும்பத் திரும்ப வரும்: பறங்கி. ஆறாத புண், எலும்பு வீக்கம், ஊன்ற முடியாத பாதம், ஓடித்திரியும் வயதில் முடங்கிப்போன பிள்ளைகள். 1895இல் ஜே. பி. லூயிஸ் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி வெளியிட்ட கையேட்டிலும் அந்த நோய்க்கு இடம் உண்டு. தண்ணீர் கெட்டது, சனத்துக்குச் சாப்பாடு போதாது என்று அந்தக் காலத்தில் காரணம் சொன்னார்கள். உண்மையான காரணத்தை அதுவரை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

1903இல் அல்டோ கஸ்ரெலானி என்ற இத்தாலிய மருத்துவர் கொழும்பிலிருந்த பற்றீரியவியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். 1905இல், பறங்கி நோயாளரின் புண்ணிலிருந்து எடுத்த நீரை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, மயிரிழையை விட மெல்லியதாக, சுருண்டு கிடந்த ஒரு நுண்ணங்கியைக் கண்டார். நோய்க்கு அன்றுதான் காரணம் கிடைத்தது. பின்னால் பென்சிலின் வந்தபோது எதைக் கொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இன்று வன்னியின் இளையவர்களிடம் பறங்கி என்றால் அப்படி ஒரு நோய் இருந்ததென்றே தெரியாது.

மாதிரி எடுப்பது, சாயமிடுவது, வளர்ப்பது, இனங்காண்பது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது. நுண்ணுயிரியலாளரின் வேலை இன்றைக்கும் இதுதான். கருவிகள் மாறியிருக்கின்றன, ஒரு குழாயில் மரபணுவைப் பெருக்கிப் பார்க்க முடிகிறது. ஆனால் மாதிரியைக் கையில் எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று பொறுப்போடு சொல்லும் ஆள் இல்லாமல் எந்தக் கருவியும் பேசாது. அப்படிப்பட்ட ஆளை உருவாக்கும் படிப்புகளில் ஒன்றுதான் பாடநெறி வழியிலான முதுமாணிப் பட்டம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்காகக் கவலைப்படும் அம்மா அப்பாக்களுக்கும் அந்தப் படிப்பைப் பற்றித் தெளிவாகத் தெரிந்திருப்பது நல்லது.

உயர்தரத்தில் உயிரியல் எடுத்தால் டொக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் வன்னியில் இன்னும் பலமாக இருக்கிறது. இசட் புள்ளி சற்றுக் குறைந்து மருத்துவ பீடம் கை நழுவிய பிள்ளை, அதன் பிறகு கிடைத்த விஞ்ஞானப் பட்டத்தையே ஒரு தோல்வியாகச் சுமந்துகொண்டு திரிவதைப் பல வீடுகளில் காணலாம். இது வீண் சுமை. ஒரு பிரதேசத்தின் சுகாதாரம் மருத்துவரை மட்டும் நம்பி நிற்பதில்லை. மருத்துவர் எந்த மருந்தை எழுதுவது என்று தீர்மானிக்க, ஆய்வுகூடத்திலிருந்து வரும் ஒரு தாளைப் பார்க்கிறார். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வதும் அதுபோன்ற ஒரு தாளைப் பார்த்துத்தான்.

முதுமாணி என்ற ஒரே பேரில் இலங்கையில் இரண்டு விதமான பட்டங்கள் உண்டு. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நாட்டின் எல்லாக் கல்வித் தகைமைகளையும் பன்னிரண்டு மட்டங்களாக அடுக்கி வைத்திருக்கிறது இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு. 2012இல் வந்து 2015இல் திருத்தப்பட்டது. மூன்றாண்டுப் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். அதற்கு மேலே, 30 கிரெடிட் படித்துப் பெறும் பாடநெறி முதுமாணி ஒன்பதாம் மட்டத்தில் இருக்கிறது. குறைந்தது 15 கிரெடிட்டுக்கு ஆய்வும் செய்து மொத்தம் 60 கிரெடிட் முடித்தால் கிடைக்கும் முதுமாணி பத்தாம் மட்டம். பதினோராம் மட்டத்தில் முதுதத்துவமாணி, பன்னிரண்டில் கலாநிதி. சான்றிதழில் இரண்டு முதுமாணிக்கும் ஒரே பேர்தான் இருக்கலாம். எடை ஒன்றல்ல.

ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 50 மணிநேரக் கற்றல். விரிவுரை, செய்முறை, வீட்டில் இருந்து வாசிப்பது, ஒப்படை எழுதுவது எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அப்படியானால் 30 கிரெடிட்டுக்கு 1500 மணிநேரம். ஓராண்டில் முடிப்பதென்றால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 29 மணிநேரத்தை ஒதுக்க வேண்டும். பகலில் வேலைக்குப் போய், சனி ஞாயிறில் வகுப்புக்கு ஓடும் ஒருவருக்கு இது இலேசான காரியம் அல்ல. "சும்மா ஒரு வீக்கெண்ட் கோஸ்" என்று நினைத்துப் பதிவு செய்கிறவர்கள் முதல் அரையாண்டிலேயே திணறிப்போவதற்குக் காரணம் இந்தக் கணக்கை முன்கூட்டியே போடாததுதான்.

இடையில் நிறுத்த நேர்ந்தால் எல்லாம் பாழாகிவிடுமோ என்ற பயம் வேண்டியதில்லை. 20 கிரெடிட் அளவுக்குப் பட்டப்பின் சான்றிதழும், 25 கிரெடிட் அளவுக்குப் பட்டப்பின் டிப்ளோமாவும் அதே கட்டமைப்பில் இருக்கின்றன. பிள்ளைப்பேறு, இடமாற்றம், வீட்டில் நோயாளி என்று ஏதாவது குறுக்கே வந்தால் படித்த அளவுக்கு ஒரு தகைமையோடு வெளியே வர வழி உண்டு. பதிவு செய்யும் நாளிலேயே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

யார் விண்ணப்பிக்கலாம்? அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் பெற்ற, துறைக்குப் பொருந்தும் விஞ்ஞானப் பட்டம் வேண்டும். இது அடிப்படை. தாவரவியல், விலங்கியல், உயிர் இரசாயனவியல், விவசாயம், உணவு விஞ்ஞானம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மிருக வைத்தியம் போன்றவை வழக்கமாக வாசலைத் திறந்துவிடும். வன்னியிலேயே இதற்கான அத்திவாரம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் இயங்குகின்றன. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய விவசாய பீடம் போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. தொழில்நுட்ப பீடம் உயிர்முறைமைத் தொழில்நுட்பத்தில் பட்டம் தருகிறது. வவுனியாவில் 1997இலிருந்து வளாகமாக இருந்து 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக எழுந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம்.

விவசாயம் படித்து வருபவருக்கு மண் நுண்ணங்கிகள் தெரிந்திருக்கும், நிர்ப்பீடனம் புதிதாக இருக்கும். ஆய்வுகூட விஞ்ஞானம் படித்தவருக்கு நோய்க்கிருமி பழக்கம், நொதித்தலும் உணவு நுண்ணங்கியும் அவ்வளவாகத் தெரியாது. எனவே முதல் அரையாண்டில் எல்லாரையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவரும் பாடங்கள் வரும்: நுண்ணங்கிகளின் அமைப்பும் உடலியலும், மரபியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்ப் புள்ளிவிபரவியல். கடைசியாகச் சொன்னதைக் கண்டு பலர் பின்வாங்குகிறார்கள். அதை விடவே கூடாது. பத்துக் கிணற்றில் மூன்று கெட்டிருந்தால் அந்த ஊரைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று கற்றுத்தருவது புள்ளிவிபரவியல்தான்.

விண்ணப்பத்தோடு பட்டச் சான்றிதழ், பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரம், பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். சில இடங்களில் நேர்முகமோ எழுத்துப் பரீட்சையோ இருக்கும். பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வருமுன்னரே அதை எடுத்து வைத்திருப்பவர்களுக்கு ஓட்டம் குறைவு.

இந்தப் பட்டத்தின் உயிர் செய்முறை வகுப்பில் இருக்கிறது. வெள்ளம் வடிந்த பின் ஒரு கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் போத்தல். கழுவியது போதாது; 121 பாகை செல்சியசில், அழுத்தத்தோடு, 15 நிமிடம் ஓட்டோகிளேவில் வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் போத்தலுக்குள் முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்பேற் இட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வுகூடத்துக்கு வரும் வழியெல்லாம் குளோரின் வேலை செய்து, கிணற்றில் இருந்த பற்றீரியாவைப் போத்தலுக்குள் கொன்றுவிடும். அழுக்கான கிணறு சுத்தமானதாகத் தெரியும். பிறகு, மாதிரியைக் குளிரில் வைத்து, கூடுமானால் ஆறு மணிநேரத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

ஆய்வுகூடத்தில் 100 மில்லிலீற்றர் நீரை 0.45 மைக்ரோமீற்றர் துளை கொண்ட ஒரு வெள்ளைச் சவ்வின் ஊடாக வடிப்பார்கள். நீர் போய்விடும், பற்றீரியா சவ்வின் மேல் தங்கிவிடும். அந்தச் சவ்வைச் சாமணத்தால் எடுத்து, காற்றுக்குமிழ் ஒன்றும் அடியில் அகப்படாமல், ஊட்ட அகார் பரப்பிய தட்டின் மேல் உருட்டி வைக்க வேண்டும். குமிழ் இருந்த இடத்தில் எதுவும் வளராது, கணக்குப் பிழைக்கும். 44 பாகையில் ஓர் இரவு. மறுநாள் காலையில் சவ்வின் மேல் தெரியும் புள்ளிகளை எண்ணி, அவற்றில் ஈகோலை எது என்று உறுதிப்படுத்துவார்கள். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு ஈகோலைகூட இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒன்று இருந்தாலும் மலம் எங்கிருந்தோ அந்தக் கிணற்றைத் தொட்டிருக்கிறது என்று பொருள். நூறு தடவை செய்து பழகிய கைக்குத்தான் இது பிசகாமல் வரும். அதனால்தான் விரிவுரைக்குச் சற்றுத் தளர்வு காட்டும் பேராசிரியர்கள்கூடச் செய்முறை வகுப்பைத் தவறவிட்டால் விடமாட்டார்கள்.

ஆறு மணிநேரம் என்ற அந்த எல்லையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். துணுக்காயிலோ கொக்கிளாயிலோ எடுத்த மாதிரி, மாரி காலத்துத் தெருவில், பஸ் மாறி, ஆய்வுகூடம் வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும்? பயிற்சி பெற்ற ஆள் அருகில் இருப்பது வன்னிக்கு வசதி சார்ந்த விடயம் அல்ல, சோதனை சரியாக வருவதற்கான நிபந்தனை. தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்பதை வன்னி கண்டிருக்கிறது: 2009இல் போர் முடிந்து இலட்சக்கணக்கான சனம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டபோது மஞ்சள் காமாலை பரவியது. கழிவும் குடிநீரும் கலந்தால் முதலில் கிளம்பும் நோய்களில் ஒன்று அது. தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரினை ஒரு காலத்தில் வன்னியே தயாரித்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தன் தொழிற்சாலையில் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். 1980களில் போர் அதை மூடிவிட்டது.

மருத்துவ நுண்ணுயிரியல் பகுதியில் மாணவர் படிக்கும் நோய்களில் வன்னிக்குப் பக்கத்தில் நிற்பவை இரண்டு. ஒன்று எலிக்காய்ச்சல். வயலில் வெறுங்காலோடு இறங்குபவரின் தோல் வெடிப்பு வழியாக லெப்டொஸ்பைரா என்ற பற்றீரியா உள்ளே போகிறது. 2008இல் நாடு முழுவதும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் சந்தேக நோயாளிகளாகப் பதிவானார்கள், இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் பரவிச் சில நாட்களுக்குள் பல உயிர்களைக் கொண்டுபோனபோது, அது என்ன காய்ச்சல் என்றே முதலில் சனத்துக்குத் தெரியவில்லை. பரிசோதனைக்குப் பிறகே எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

மற்றது மெலியோய்டோசிஸ். இதன் கதை ஆய்வுகூடத்தில் இருப்பவரின் கண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சான்று. 1911இல் ரங்கூனில் அல்பிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இருவர் இதை முதலில் கண்டு, 1912இல் எழுதினார்கள். ஈரமான மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் பற்றீரியா இது. நீரிழிவு உள்ள கமக்காரரை மழைக்காலத்தில் அதிகம் தாக்கும். இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவானபோதும், அதன் பிறகு பல பத்தாண்டுகளாக இது இங்கே மிக அரிது என்றே நினைத்தார்கள். கொழும்பு மருத்துவ பீடத்தில் வைத்திய கலாநிதி ஏனோகா கொரெயாவும் அவருடன் இருந்தவர்களும் 2006இலிருந்து தேடத் தொடங்கிய பிறகுதான் நோயாளர் ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள்.

அதுவரை ஏன் அகப்படவில்லை? குருதி வளர்ப்பில் இந்தப் பற்றீரியா வளர்ந்தாலும், பழக்கமில்லாதவர் அதை வெளியிலிருந்து வந்து விழுந்த ஏதோ ஒன்று என்று தட்டோடு எறிந்துவிட வாய்ப்பு உண்டு. தெரிந்தவர் எறிய மாட்டார். நாட்கள் செல்லச் செல்ல அஷ்டவுன் அகாரில் அது உலர்ந்து, சுருங்கி, ஊதா நிறமாகும். மருந்து வில்லைகள் வைத்துப் பார்த்தால் ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாது, கோ-அமொக்சிக்ளாவுக்கு அடங்கும். இந்த மூன்று வில்லைகளும் சேர்ந்து காட்டும் குறி போதும், சந்தேகத்தை மருத்துவருக்குச் சொல்லிவிடலாம். சொல்லும் நேரம் உயிரோடு சம்பந்தப்பட்டது. வழக்கமான மருந்துகள் பல இதற்கு வேலை செய்யா. செப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் குறைந்தது பத்து நாளாவது நரம்பு வழியாக ஏற்றி, பிறகு மாதக்கணக்கில் குளிசை கொடுக்க வேண்டும்.

பாடங்கள் முடிகிற கட்டத்தில் தனியாய்வு என்று ஒரு சிறு பகுதி வரும். பத்தாம் மட்ட முதுமாணியின் ஆய்வேடு அளவுக்குப் பெரியதல்ல. சில கிரெடிட்டுக்குரிய ஓர் அறிக்கை. ஒரு கேள்வியை எடுத்து, அதைப் பற்றி வெளிவந்தவற்றை வாசித்து, முடிந்தால் சிறிதளவு தரவும் திரட்டி எழுதுவது. வன்னிப் பிள்ளைகளுக்குக் கேள்விக்குப் பஞ்சமில்லை. முல்லைத்தீவுக் கரையில் ஐஸ் போதாமல் விற்கப்படும் மீன் எத்தனை மணிநேரத்தில் கெடுகிறது? வீடுகளில் உறைய வைக்கும் எருமைத் தயிரில் எந்த லக்டிக் பற்றீரியா இருக்கிறது? கச்சான், பயறு விதைக்கும் மண்ணில் வேர்முடிச்சுப் பற்றீரியா போதுமா, வெளியிலிருந்து சேர்க்க வேண்டுமா? பனங்கள்ளு எந்த மணிநேரத்தில் புளிக்கத் தொடங்குகிறது? இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு தலைப்பை எடுத்து எழுதுவதை விட, தன் ஊரில் இருந்து புறப்பட்ட ஒரு கேள்விக்கு எழுதும் அறிக்கை பலருக்கும் பயன்படும். நேர்முகத் தேர்விலும் அது பேசும்.

தேர்ச்சிக்கும் நிபந்தனைகள் உண்டு. முதல் பட்டத்தில் பாஸ் என்றால் போதும் என்ற நிலை இங்கே செல்லாது. பட்டப்பின் மட்டத்தில் மொத்த ஜீபிஏ 3.00க்குக் கீழே போகக்கூடாது என்பது பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவனம் போன்ற இடங்களில் வழக்கம். ஒரு பாடத்தில் சறுக்கினால் இன்னொன்றில் ஏற்ற வேண்டும். ஒப்படைகளும் கருத்தரங்கு உரையும் தொடர்ச்சியாக மதிப்பிடப்படும்; கடைசிப் பரீட்சைக்கு முதல் இரவு விழித்திருந்து கரையேற முடியாது.

மொழியைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். உயர்தரம் வரை தமிழில் படித்து, பட்டப்படிப்பில் ஆங்கிலத்துக்கு மாறிய பிள்ளைக்கு விரிவுரையை விளங்கிக்கொள்வது பெரிய பாடாக இராது. எழுதுவதில்தான் சிக்கல். அடுத்தவரின் வசனத்தை அப்படியே எடுத்து வைத்தால் மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும், ஒப்படை திரும்பி வரும். இதைத் திருட்டுக் குணம் என்று சொல்வது அநியாயம். சொந்தமாக எழுதும் பயிற்சி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பட்டம் முடித்தவுடன், முதுமாணிக்குப் போவதற்கு முந்திய ஆறு மாதத்தில், வாரத்துக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையை வாசித்து அதைத் தன் சொல்லில் ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

எங்கே படிப்பது? பேராதனையில் 1996இல் நிறுவப்பட்ட விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவனமும், 1975இலிருந்து இயங்கும் விவசாயப் பட்டப்பின் நிறுவனமும் இருக்கின்றன. களனிப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் நுண்ணுயிரியலுக்கென்றே ஒரு துறை உண்டு. மூலக்கூற்று உயிரியல் பக்கம் சாய்பவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. எந்தக் கற்கை எந்த ஆண்டில் விண்ணப்பம் கோருகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், எனவே நிறுவனங்களின் அறிவித்தல்களை நேரடியாகப் பார்ப்பதே சரி. கொழும்பின் மருத்துவப் பட்டப்பின் நிறுவனம் தரும் நுண்ணுயிரியல் டிப்ளோமாவும் எம்டியும் மருத்துவர்களுக்கானவை.

வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து வகுப்புகளைப் பெரும்பாலும் சனி ஞாயிறில் வைக்கிறார்கள். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிவது ஏ9 வீதி. கிளிநொச்சியிலிருந்து அதே வீதியில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தெற்கே போனால் கண்டி, அங்கிருந்து பேராதனை பக்கம். பாதை நேரானதுதான். ஆனால் வெள்ளி இரவு பஸ்சில் ஏறி, சனி காலை வகுப்பில் அமர்ந்து, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை வேலைக்குப் போவதை ஓர் ஆண்டு செய்வது எல்லாராலும் ஆகாது. கைக்குழந்தை உள்ள ஒரு தாயால் ஆகாது. பயணச் செலவும் தங்கும் செலவும் கற்கைக் கட்டணத்தோடு சேர்ந்து நிற்கும். கொழும்பிலும் கண்டியிலும் இருப்பவர் வார இறுதி வகுப்பு என்று சொல்வதும், விசுவமடுவில் இருப்பவர் அதைக் கேட்பதும் ஒரே விடயம் அல்ல.

கடல் கடந்து போவோருக்குக் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் எம்எஸ்சி இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர், கடைசியில் ஒரு புரொஜெக்ட். மண் நுண்ணுயிரியலில் நாட்டம் உள்ளவர்கள் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். அங்கே வேளாண் நுண்ணுயிரியல் தனித் துறையாகவே இருக்கிறது. இந்திய அரசின் ஐசிசிஆர் புலமைப்பரிசில் இலங்கை மாணவருக்கும் கிடைக்கும். பிரித்தானியாவில் ஓராண்டில் 180 கிரெடிட், அதில் வழக்கமாக 60 ஆய்வறிக்கைக்கு. அமெரிக்காவில் ஆய்வேடு இல்லாத முதுமாணி என்பது பெரும்பாலும் 30க்குச் சற்று மேற்பட்ட கிரெடிட்டும், சில இடங்களில் எல்லாப் பாடங்களையும் சேர்த்த ஒரு பெரும் பரீட்சையும். அந்த நாடுகளின் கிரெடிட்டும் நம்முடைய கிரெடிட்டும் ஒரே அளவல்ல என்பதால் எண்களை மட்டும் பார்த்து ஒப்பிட வேண்டாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால், பணம் கட்டுமுன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். உள்ளூரில் விளம்பரமாகும் தனியார் கற்கைகளுக்கும் இது பொருந்தும்.

இந்தப் பட்டம் எதைத் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் பிறக்கிறது. நுண்ணுயிரியலில் முதுமாணி முடித்ததால் ஒருவர் அரச வைத்தியசாலையின் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஆகிவிட மாட்டார். அதற்குத் தனிப் பயிற்சியும் இலங்கை மருத்துவச் சபையில் பதிவும் வேண்டும். வைத்திய நிபுணராகவும் முடியாது. பல்கலைக்கழக விரிவுரையாளராக நிலைத்து மேலே போக நினைப்பவருக்கு ஆய்வுப் பகுதி உள்ள முதுமாணி தேவைப்படும். எனவே கலாநிதிப் பட்டம் வரை போகும் எண்ணம் மனதில் இருந்தால் முதல் நாளே பத்தாம் மட்டத்தைக் கேட்டுப் பதிவது நல்லது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்பதாம் மட்டத்தை முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது காலத்தையும் காசையும் கரைக்கும்.

அதற்காகப் பாடநெறி முதுமாணி தாழ்ந்தது என்று எண்ணுவதும் பிழை. ஆராய்ச்சியாளராக வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை இல்லை. நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடம், பால் பதனிடும் நிலையம், மீனும் நண்டும் ஏற்றுமதிக்குத் தயாராகும் தொழிற்சாலை, விதை, உரம், கால்நடைத் துறை, பாடசாலை உயிரியல் வகுப்பு: இங்கெல்லாம் அகலமான அறிவும் பழகிய கையும் உள்ளவர்தான் வேண்டும். ஏற்றுமதிக்குப் போகும் உணவைச் சோதிக்கும் ஆய்வுகூடம் சர்வதேசத் தரத்துக்கு இயங்குகிறது என்று காட்ட வேண்டியிருக்கிறது; அங்கே கையொப்பமிடும் ஆளின் தகைமையையும் பார்ப்பார்கள். பயிற்சி பெற்ற ஆட்கள் இங்கே இல்லாவிட்டால், முல்லைத்தீவில் பிடித்த இறாலின் தரத்தைச் சொல்வதற்கும் வெளியூர் ஆய்வுகூடத்தையே நம்ப வேண்டியிருக்கும்.

வன்னியில் உயர்தர உயிரியல் வகுப்பில் நுண்ணுயிரியல் அலகைப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளில் ஒரு நல்ல நுணுக்குக்காட்டிகூடக் கிடைப்பது கஷ்டம். முதுமாணி முடித்த ஓர் ஆசிரியர், குக்கர் ஒன்றையும் சில கண்ணாடித் தட்டுகளையும் வைத்தே அந்த அலகைக் கைப்படச் செய்து காட்டிவிடுவார். படத்தில் பார்த்ததைப் பிள்ளை தட்டில் பார்க்கும். இந்தப் படிப்பின் பலன் வகுப்பறைக்குள் திரும்பி வருவதைக் கல்வித் திணைக்களமும் கணக்கில் எடுத்து, இப்படிப் படிக்கப் போகும் ஆசிரியர்களுக்கு லீவிலும் இடமாற்றத்திலும் கை கொடுக்க வேண்டும்.

அறிவியல் நகரில் ஆய்வுகூடக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. வவுனியா பம்பைமடுவில் ஒரு முழுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடமும், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் கற்பிக்கும் பீடமும் இருக்கின்றன. இவை மூன்றும் கைகோர்த்து, வயல், குளம், கடல், கால்நடை என்று வன்னியின் தேவைகளை முன்னால் வைத்து, நுண்ணுயிரியலில் ஒரு வார இறுதி முதுமாணிக் கற்கையைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நடத்த முன்வர வேண்டும். விரிவுரையாளர்கள் வாரம் ஒருமுறை ஏ9 வழியாக வந்து போகட்டும். இருபது முப்பது மாணவர்கள் போய் வருவதை விட அது இலகு. அதுவரை, பட்டம் முடித்து வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளே, பெறுபேற்றுப் பத்திரத்தை எடுத்து வைத்து, எந்த மட்டத்து முதுமாணி வேண்டும் என்று முடிவு செய்து, அடுத்த அறிவித்தலுக்கு விண்ணப்பியுங்கள்.